கொலம்பஸ் நகரமும் ஃபிளேவர் சிகரெட்டும்: மாநிலம் நகரத்தின் கையைக் கட்டப் பார்த்த கதை, 2022 முதல் 2024 வரை

எதைப் பற்றிய பதிவு

கொலம்பஸ், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத் தலைநகர். 2022 டிசம்பர் 12ஆம் தேதி அந்த ஊர் நகர மன்றம், ஃபிளேவர் சேர்த்த புகையிலைப் பொருட்களைக் கடைகளில் விற்கக்கூடாது என்று ஒருமனதாகச் சட்டம் போட்டது. மெந்தால் சிகரெட், பழவாசனை வேப் (மின்சிகரெட்), இனிப்புச் சுருட்டு எல்லாம் அதில் அடக்கம். அதே வாரத்தில் அதே ஊரில் கூடியிருந்த மாநிலச் சட்டமன்றம், ஒஹையோவில் எந்த நகரமும் புகையிலை பற்றிச் சொந்தமாகச் சட்டம் போடக்கூடாது என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. நகர மன்றமும் சட்டமன்றமும் பிராட் தெருவை ஒட்டியே இருக்கின்றன, ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம்.

மேலே இருக்கும் அரசு, கீழே இருக்கும் அரசின் அதிகாரத்தைச் சட்டம் போட்டுப் பறிப்பதை அமெரிக்காவில் பிரீஎம்ப்ஷன் என்கிறார்கள். புகையிலைக் கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்கள் அதிகம் பயப்படுவது இந்தச் சொல்லுக்குத்தான் என்று நினைக்கிறேன். ஏன் என்பது இந்த ஒரு நகரத்தின் ஒன்றரை ஆண்டு அனுபவத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். ஆளுநரைத் தவிர இந்தச் சண்டையில் நேரடியாக வருபவர்களைப் பதவியை வைத்தே குறிப்பிடுகிறேன். யார் செய்தார்கள் என்பதைவிட என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பதுதான் அடுத்த ஊருக்கு உதவும்.

பின்னணி: நகரம் முன்னே, மாநிலம் பின்னே

இந்தச் சண்டை 2022இல் தொடங்கியதல்ல. 2004இல் கொலம்பஸ் நகர மன்றம் உணவகங்களிலும் பார்களிலும் புகைப்பதைத் தடை செய்தது. எதிர்ப்பாளர்கள் கையெழுத்து வாங்கி அதை வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள், நவம்பரில் வாக்காளர்கள் சட்டத்தின் பக்கம் நின்றார்கள், 2005 ஜனவரிக் கடைசியில் அது அமலுக்கு வந்தது. அந்தக் காலத்தில் மாநிலம் முழுவதற்குமான புகைத்தடை ஒஹையோவில் இல்லை. வேறு சில நகரங்களும் தங்கள் தங்கள் அளவில் சட்டம் போட்டுக்கொண்டிருந்தன.

2006 தேர்தலில் ஒஹையோ வாக்குச்சீட்டில் புகைபற்றி இரண்டு கேள்விகள் வந்தன, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐந்தாவது கேள்வி, புற்றுநோய் அமைப்புகள் உள்ளிட்ட சுகாதாரத் தரப்பு கொண்டுவந்தது: மாநிலம் முழுக்க எல்லா வேலையிடங்களிலும் புகைத்தடை. நான்காவது கேள்வியின் பின்னால் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் நிறுவனம் இருந்தது. அதன் பிரசாரக் குழு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஸ்மோக் லெஸ் ஒஹையோ', அதாவது குறைவாகப் புகைக்கும் ஒஹையோ. சுகாதாரத் தரப்பின் குழுப் பெயர் 'ஸ்மோக்ஃப்ரீஒஹையோ', அதாவது புகையில்லா ஒஹையோ. வாக்குச் சாவடியில் அவசரத்தில் நிற்கும் ஒருவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் நான்காவது கேள்வி, பார் போன்ற இடங்களுக்கு விலக்குக் கொடுத்து, அந்த விலக்கை மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதி, அதற்கு மாறாக நகரங்கள் ஏற்கெனவே போட்டிருந்த சட்டங்களையும் செல்லாமல் ஆக்கியிருக்கும். இரண்டும் ஜெயித்தால்கூட, சாசனத் திருத்தம் என்பதால் நான்காவதுதான் நின்றிருக்கும்.

மக்கள் குழம்பவில்லை. ஐந்தாவதுக்கு ஆதரவாக 58 சதவீதம் பேர், நான்காவதுக்கு எதிராக ஏறக்குறைய 64 சதவீதம் பேர். பிறகு கொலம்பஸில் ஒரு பார் அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்த்துக் கடைசிவரை போனது, 2012இல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

அடுத்தது வயது. 2016 டிசம்பரில், 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புகையிலை விற்கக்கூடாது என்று கொலம்பஸ் முடிவெடுத்தது. 2017 அக்டோபரில் அது அமலானது, கூடவே புகையிலை விற்கும் கடைகள் நகரச் சுகாதாரத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2019 அக்டோபரில், மாநிலம் முழுவதற்கும் வயது 21 ஆனது. அதே டிசம்பரில் நாடு முழுவதற்கும் ஆனது.

இந்த வரிசைதான் முக்கியம். நகரம் முதலில் செய்து பார்க்கிறது, வானம் இடிந்து விழவில்லை என்று எல்லோரும் பார்க்கிறார்கள், பிறகு மாநிலம் வருகிறது. பிரீஎம்ப்ஷன் உடைப்பது இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை.

சிகரெட் நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும், அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1990களின் வழக்குகளுக்குப் பிறகு வெளியே வந்த அவர்களுடைய உள் ஆவணங்களில், 1994இல் பிலிப் மோரிஸ் அதிகாரி ஒருவர் பேசிய குறிப்பு இருக்கிறது: ஊர் ஊராகச் சண்டை போடுவதைவிட, மாநிலச் சட்டத்தைக் கொண்டுவந்து சண்டையைத் தாங்கள் பலமாக இருக்கும் சட்டமன்றங்களுக்கு மாற்றிவிடலாம் என்பது அதன் சாரம். மேரிலாந்தில் செனட்டராக இருந்து, பின்பு சிகரெட் நிறுவனங்களுக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டும் லாபியிஸ்டாக வேலை பார்த்து, தொண்டைப் புற்று வந்த பிறகு எல்லாவற்றையும் வெளியே சொன்ன விக்டர் கிராஃபோர்டும் 1995இல் இதையேதான் சொன்னார், உள்ளூர் அளவில் தங்களால் ஜெயிக்கவே முடிந்ததில்லை என்று. நகர மன்ற உறுப்பினர் அந்த ஊரிலேயே குடியிருப்பவர். பள்ளிக்கூடத்து ஆசிரியையும் குழந்தை மருத்துவரும் அவரைக் கடைத்தெருவிலேயே மடக்கிக் கேட்டுவிடுவார்கள். மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவின் நாற்பதாவது பக்கத்தில் ஒரு பத்தியை யார் சேர்த்தார்கள் என்று கேட்க அப்படி யாரும் வந்து நிற்பதில்லை.

கவனித்தது: ஃபிளேவர் ஏன் குறியானது

2009இல் அமெரிக்க மத்திய அரசு ஒரு சட்டத்தின் மூலம் ஃபிளேவர் சிகரெட்டுகளைத் தடை செய்தது. ஆனால் மெந்தாலை விட்டுவிட்டது. சிகரெட் அல்லாத பொருட்களுக்கும் அந்தத் தடை இல்லை, பின்னால் வேப் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது. 2020இல் மத்திய அரசு கார்ட்ரிட்ஜ் (மாற்றிப் போடும் குப்பி) வேப்களில் மெந்தாலும் புகையிலைச் சுவையும் தவிர மற்றவற்றைக் கட்டுப்படுத்தியபோது, ஒருமுறை இழுத்துத் தூக்கிப்போடும் வேப்கள் அதில் சேரவில்லை, கடை அலமாரி மறுபடியும் மாம்பழமும் பபுள்கம்மும் ஆனது. 2022இல் நாடு முழுவதும் எடுத்த மாணவர் கணக்கெடுப்பில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 14.1 சதவீதம் பேர் அப்போது வேப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். வேப் பயன்படுத்திய மாணவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் எடுத்தது ஃபிளேவர் உள்ளது.

மெந்தால் தனிக் கதை. அது தொண்டைக்குக் குளிர்ச்சி கொடுக்கும், எரிச்சலை மறைக்கும், புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் சிகரெட் சுலபமாக இறங்கும், பழகியவருக்கு விடுவது கஷ்டமாகும். அமெரிக்காவில் புகைக்கும் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் மெந்தால்தான் பிடிக்கிறார்கள், வெள்ளையரில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பல பத்தாண்டுகளாகக் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைக் குறிவைத்து விளம்பரமும் தள்ளுபடியும் இலவச மாதிரிகளும் போனதன் விளைவு இது. கொலம்பஸ் நகர அதிகாரிகள் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை முன்னால் வைத்தார்கள், அது சரி என்றே எனக்குப் படுகிறது.

மத்திய அரசு 2022 ஏப்ரலில் மெந்தால் சிகரெட்டைத் தடை செய்ய ஒரு வரைவை வெளியிட்டது. அது வந்துவிடும், நகரம் காத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருக்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் மத்திய அரசின் வரைவு சட்டமாக ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அந்த வரைவு 2024 வசந்தத்தில் காலவரையின்றித் தள்ளிப்போனது, 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. காத்திருப்பதில்லை என்ற முடிவு சரியானதுதான்.

முதல் முடிவு: சட்டத்தை எழுதிய விதம்

நகரம் எடுத்த முடிவுகளில் மூன்று எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன.

ஒன்று, மெந்தாலை விடவில்லை. பல ஊர்களில் எதிர்ப்பைச் சமாளிக்க மெந்தாலுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள், மெந்தால் சிகரெட்தான் கடைக்காரருக்குப் பெரிய வியாபாரம் என்பதால். மெந்தாலை விட்டுவிட்டுப் பழவாசனையை மட்டும் தடுத்திருந்தால் எதிர்ப்புப் பாதியாகக் குறைந்திருக்கும், பயனும் பாதியாகக் குறைந்திருக்கும், அதிகம் பாதிக்கப்பட்டவர்களை விட்டுவிட்டதாகவும் ஆகியிருக்கும்.

இரண்டு, தண்டனை கடைக்குத்தான், வாங்குபவருக்கோ வைத்திருப்பவருக்கோ இல்லை. அமல்படுத்துவதும் போலீஸ் அல்ல, சுகாதாரத் துறை. 2014இல் நியூயார்க்கில் உதிரி சிகரெட் விற்றதாகச் சொல்லி எரிக் கார்னரைப் பிடிக்கப்போய் அவர் போலீஸ் பிடியில் இறந்தார். அதன் பிறகு, மெந்தால் தடை கறுப்பின இளைஞர்களைத் தெருவில் நிறுத்திச் சோதிக்கப் போலீசுக்கு இன்னொரு சாக்காகிவிடும் என்ற பயம் நாடு முழுக்க இருந்தது, அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. கொலம்பஸ் அதற்குப் பேச்சில் மட்டுமல்லாமல் சட்டத்தின் அமைப்பிலேயே பதில் சொன்னது. 2017இலேயே கடை உரிமத்தைச் சுகாதாரத் துறையின் கையில் கொடுத்திருந்ததால் இது சாத்தியமானது, இல்லையென்றால் எந்தக் கடை எங்கே இருக்கிறது என்றே புதிதாகத் தேட வேண்டியிருந்திருக்கும்.

மூன்று, ஓராண்டு அவகாசம். சட்டம் அமலாவது 2024 ஜனவரி 1 என்று வைத்தார்கள். கடைகள் இருப்பை விற்றுத் தீர்க்கட்டும், விடவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு உதவி ஏற்பாடு செய்யலாம் என்பது காரணம். இந்த முடிவுக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

முதல் அடி: வரிப்பணம் திரும்பக் கொடுக்கும் மசோதாவில்

ஒஹையோவில் தேர்தல் முடிந்து புதுச் சபை பதவியேற்கும் வரையுள்ள கடைசி வாரங்களில் மசோதாக்கள் மழைபோல வரும். 2022 டிசம்பரிலும் அப்படித்தான். 513 என்ற எண் கொண்ட மசோதா, புகையிலை மொத்த வியாபாரிகளுக்கு வராக்கடன் ஆகிப்போன தொகைக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கொடுப்பது பற்றியது. அதில் கடைசி நேரத்தில், புகையிலையை ஒழுங்குபடுத்துவது மாநிலத்தின் வேலை, நகரங்கள் அதில் தலையிடக்கூடாது என்ற பகுதியைச் சேர்த்து நிறைவேற்றினார்கள்.

இது இந்த மாநிலத்துக்குப் பழக்கமான வழி. 2016 டிசம்பரில், நாய்க்குட்டி விற்கும் கடைகளைப் பற்றிய ஒரு மசோதாவில், நகரங்கள் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தக்கூடாது என்று சேர்த்தார்கள். அப்போது ஒஹையோவின் இன்னொரு பெரிய நகரமான கிளீவ்லாந்தில் கூலி உயர்வுக்கான முயற்சி நடந்துகொண்டிருந்தது. தலைப்பைப் பார்த்து மசோதாவைக் கண்காணிப்பவர்கள் தவறவிடுவது இப்படித்தான்.

இங்கே ஆளுநர் மைக் டிவைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் ஊர் முதல்வர் மாதிரி நிர்வாகத்தின் தலைவர். டிவைன் குடியரசுக் கட்சிக்காரர், சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் அதே கட்சிக்குத்தான் பெரும் பெரும்பான்மை. அவர் 2023 ஜனவரி 5ஆம் தேதி மருத்துவத் துறையினரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மசோதாவை வீட்டோ செய்தார், அதாவது ஒப்புதல் தராமல் நிராகரித்தார். மாநிலம் முழுக்க ஃபிளேவர் தடை வந்தால் அதுதான் நல்லது, அது வராதவரை நகரங்களின் கையைக் கட்டக்கூடாது என்பது அவர் நிலை. பழைய சபையின் காலம் முடிந்துவிட்டதால், அந்த வீட்டோவை மீறி வாக்களிக்கச் சட்டமன்றத்துக்கு வழியில்லாமல் போனது.

கட்சிச் சண்டையாக மட்டும் இதைப் பார்த்தால் தவறாகப் புரிந்துகொள்வோம். நகர மன்றம் முழுக்க ஜனநாயகக் கட்சி, சட்டமன்றம் குடியரசுக் கட்சி என்பது உண்மைதான், ஆனால் நடுவில் நின்று தடுத்தவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான்.

இரண்டாவது அடி: பட்ஜெட்டுக்குள்

2023 கோடையில் அதே பகுதி மாநிலத்தின் இரண்டாண்டு பட்ஜெட் மசோதாவுக்குள் வந்து உட்கார்ந்தது. பட்ஜெட்டை ஆளுநர் முழுதாகத் திருப்பி அனுப்ப முடியாது, பள்ளிகளுக்கும் மருத்துவத்துக்கும் பணம் நின்றுவிடும். ஆனால் ஒஹையோவில் பட்ஜெட்டின் தனித்தனிப் பகுதிகளை மட்டும் வெட்டும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டு. ஜூலையில் டிவைன் இதை இரண்டாம் முறையாக வெட்டினார்.

இந்தத் தடவை சட்டமன்றத்துக்கு நேரம் இருந்தது. அந்தச் சபையின் காலம் 2024 கடைசிவரை. வீட்டோவை மீற இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும், 99 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் அது 60. டிசம்பர் 13 அன்று பிரதிநிதிகள் சபை மீறி வாக்களித்தது. கொலம்பஸ் தடை ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. ஜனவரி 24 அன்று மேலவையான செனட்டும் மீறி வாக்களித்தது. 90 நாள் கழித்து, ஏப்ரல் கடைசியில், மாநிலச் சட்டம் அமலாக வேண்டும்.

அந்த நான்கு மாதங்களில் கொலம்பஸில் ஒரு கடைக்காரரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் மெந்தாலை அலமாரியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், ஏப்ரலில் திரும்ப வைக்கலாம் என்று சட்டமன்றம் சொல்கிறது, நடுவில் நகரம் வழக்குப் போடுவோம் என்கிறது. குழப்பத்துக்கு நகரத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, தேதிகளைப் பார்த்தாலே யார் யாருக்குப் பின்னால் வந்தார்கள் என்பது தெரியும்.

எதிர்த் தரப்பு சொன்னது

அவர்கள் வாதத்தை முழுதாக வைக்காமல் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. மாநிலம் முழுக்க ஒரே விதி இருக்க வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. கொலம்பஸின் எல்லை கோணல்மாணலானது. பெக்ஸ்லி, வைட்ஹால் போன்ற சின்ன நகரங்கள் கொலம்பஸால் சூழப்பட்டுத் தீவுகள்போல இருக்கின்றன. தெருவின் இந்தப் பக்கக் கடையில் மெந்தால் கூடாது, எதிர்ப்பக்கக் கடையில் உண்டு என்றால், வாடிக்கையாளர் சாலையைக் கடப்பார், புகைப்பது குறையாது, இந்தப் பக்கக் கடைக்காரர் மட்டும் நஷ்டப்படுவார். சிறிய கடை வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையான கவலை.

இந்த வாதத்துக்கு நேரான பதில் ஒன்று உண்டு: அப்படியானால் மாநிலமே ஒரு தடை போடட்டும். மாசசூசெட்ஸ் 2019இல் போட்டது. கலிஃபோர்னியாவில் 2022 நவம்பரில் மக்களே வாக்களித்து உறுதிசெய்தார்கள். டிவைனும் அதைத்தான் கேட்டார். ஒரே விதி வேண்டும் என்று சொன்ன சட்டமன்றம், ஃபிளேவர் பற்றி எந்த விதியும் போடவில்லை. விதியே இல்லாததை எல்லோருக்கும் பொதுவான விதி என்று பெயர் வைத்தது. நீதிமன்றத்திலும் இந்த இடத்தில்தான் பிடி கிடைத்தது.

இரண்டாவது முடிவு: நீதிமன்றம்

நகரத்தின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பேசாமல் தடையைத் திரும்பப் பெற்று, அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்கலாம். அல்லது மாநிலத்தையே எதிர்த்து வழக்குப் போடலாம். இரண்டாவதில் ஆபத்து உண்டு: தோற்றால் அந்தத் தீர்ப்பு புகையிலைக்கு மட்டுமல்ல, மாநிலத்தில் உள்ள எல்லா நகரங்களின் எல்லா அதிகாரங்களுக்கும் எதிராக மேற்கோள் காட்டப்படும். நகர வழக்கறிஞர் அலுவலகம் வழக்கைத் தேர்ந்தெடுத்தது. தனியாகப் போகவில்லை, பத்துக்கும் மேற்பட்ட நகரங்களைச் சேர்த்துக்கொண்டு போனது. சின்சினாட்டி போன்ற பெரிய ஊரும் கொலம்பஸைச் சுற்றியுள்ள சின்ன ஊர்களும் அதில் இருந்தன. ஒரு பெரிய நகரத்தின் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாமல் போனதற்கு அந்தச் சேர்க்கைதான் காரணம் என்பேன்.

வாதத்தின் அடித்தளம் 1912இல் ஒஹையோ சாசனத்தில் சேர்ந்த ஹோம் ரூல் திருத்தம். நகரங்கள் தங்கள் எல்லைக்குள் தன்னாட்சி அதிகாரங்களையும், பாதுகாப்பு, சுகாதாரம் சார்ந்த விதிகளைப் போடும் அதிகாரத்தையும் பெற்றிருக்கின்றன, அந்த விதிகள் மாநிலத்தின் 'பொதுச் சட்டங்களுக்கு' முரணாக இல்லாதவரை. அதாவது அதிகாரம் சட்டமன்றம் போட்ட பிச்சையல்ல, சாசனம் நேரடியாகக் கொடுத்தது. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை, இந்த அனுபவத்தை அப்படியே வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போக நினைப்பவர்கள் முதலில் தங்கள் சாசனத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, 'பொதுச் சட்டம்' என்றால் என்ன? ஒஹையோ உச்ச நீதிமன்றம் 2002இல் கான்டன் நகரம் போட்ட வழக்கில் நான்கு சோதனைகளை வகுத்தது. அந்த வழக்கு தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடுகளைப் பற்றியது, புகையிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாநிலச் சட்டம் மாநிலம் தழுவிய முழுமையான ஏற்பாட்டின் பகுதியாக இருக்க வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். தானே ஒரு பாதுகாப்பு அல்லது சுகாதார விதியைச் சொல்ல வேண்டும், நகரங்களின் அதிகாரத்தைக் குறைப்பது மட்டுமே அதன் வேலையாக இருக்கக்கூடாது. பொதுமக்களின் நடத்தைக்கு ஒரு விதியை வகுக்க வேண்டும். நான்கில் ஒன்றில் தவறினாலும் அது பொதுச் சட்டம் அல்ல, நகரத்தின் விதியை அதனால் தள்ள முடியாது.

மாநிலத் தரப்பிலும் கையில் சரக்கு இருந்தது. ஒஹையோ சட்டத் தொகுப்பில் 9.68 என்பது துப்பாக்கிகளைப் பற்றி நகரங்கள் சட்டம் போடக்கூடாது என்ற பிரிவு. கிளீவ்லாந்து அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது, துப்பாக்கி பற்றி மாநிலமும் மத்திய அரசும் ஏற்கெனவே விரிவான சட்டங்களை வைத்திருக்கின்றன என்பதால். புகையிலைப் பிரிவுக்குக் கிடைத்த எண் 9.681. எண் மட்டுமல்ல, தோரணையும் ஒன்று: மாநிலம் புகையிலையின் விற்பனை, உரிமம், வரி, விளம்பரம் என எல்லாவற்றையும் பற்றி முழுமையான திட்டத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று அது அறிவித்தது. முழுமையான திட்டம் இருக்கிறது என்று சட்டத்தில் எழுதிவிட்டால் அது இருப்பதாக ஆகிவிடுமா என்பதுதான் நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி.

பின்பு நடந்தது

மாநிலச் சட்டம் அமலாகச் சில நாட்களே இருந்தபோது, 2024 ஏப்ரலில், கொலம்பஸ் இருக்கும் ஃபிராங்க்ளின் கவுன்டியின் (மாவட்டத்தின்) நீதிமன்றம் மாநிலச் சட்டத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. மே மாதம் விசாரணை முடிந்து நிரந்தரத் தடையாணையாக அது மாறியது. மாநிலத்தின் பிரிவு பொதுச் சட்டம் அல்ல, நகரங்களின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம், ஹோம் ரூல் திருத்தத்துக்கு எதிரானது என்பது தீர்ப்பு. கொலம்பஸில் ஃபிளேவர் தடை தொடர்ந்தது. மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது.

இதில் எனக்கு மனநிறைவு இருந்தாலும், விலை என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்றரை ஆண்டு ஒரு நகரத்தின் சுகாதாரத் துறை, கடைகளைச் சோதிப்பதிலும் விட விரும்புபவர்களுக்கு உதவுவதிலும் செலவழித்திருக்க வேண்டிய கவனத்தில் ஒரு பங்கு, தன் சட்டம் நாளைக்கு இருக்குமா என்ற கவலையில் போனது. கிளீவ்லாந்து மேயர் 2023 பிப்ரவரியில் இதே போன்ற தடையை முன்வைத்தார், அங்கே நகர மன்றம் அதை நிறைவேற்றவில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் நாளைக்கே சட்டமன்றம் அடித்துவிடும் என்ற நிழல் தலைக்கு மேல் இருக்கும்போது எந்த மன்ற உறுப்பினரும் அரசியல் விலை கொடுத்து ஒரு சட்டம் போட யோசிப்பார்.

இன்னொன்று. 9.681இன் வாசகம் ஃபிளேவரோடு நிற்கவில்லை, உரிமத்தையும் அது மாநிலத்தின் கைக்கு எடுத்தது. அது நின்றிருந்தால் கொலம்பஸ் 2017 முதல் கட்டிவந்த கடை உரிம ஏற்பாடும் சேர்ந்து ஆட்டம் கண்டிருக்கும்.

திரும்பச் செய்தால் எதை மாற்றலாம்

முதலில் அந்த ஓராண்டு அவகாசம். கடைக்காரர்களுக்கு நேரம் கொடுப்பது நியாயம்தான், ஆனால் ஆறு மாதம் போதுமானது என்று நினைக்கிறேன். 2023 ஜூலையில் தடை நடைமுறைக்கு வந்திருந்தால், பிரதிநிதிகள் சபை டிசம்பரில் வாக்களிக்கும்போது ஆறு மாத அனுபவம் மேசையில் இருந்திருக்கும்: எத்தனை கடைகள் மூடின, எத்தனை மூடவில்லை, எத்தனை பேர் சிகரெட்டை விட உதவி கேட்டு வந்தார்கள். 2004 சட்டத்தை 2006இல் காப்பாற்றியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். அன்றைக்கு மக்கள் புகையில்லாத உணவகத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு சாப்பிட்டிருந்தார்கள், பிரசாரம் செய்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2023 டிசம்பரில் காட்டுவதற்கு எதுவும் இல்லை, அச்சங்கள் மட்டும் இருந்தன.

அடுத்து, ஒரே ஒரு மனிதரின் பேனாவை நம்பியிருந்தது. டிவைன் இரண்டு முறை காப்பாற்றினார், ஆனால் வீட்டோவை மீற எத்தனை வாக்கு வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்த கணக்கு. பிரதிநிதிகள் சபையில் வீட்டோவை மீறும் வாக்குகளை 60க்குக் கீழே கொண்டுவர, ஊசலாடக்கூடிய உறுப்பினர்களின் சொந்தத் தொகுதிகளில், சின்ன ஊர்களில், குழந்தை மருத்துவர்களையும் பள்ளித் தலைமையாசிரியர்களையும் வைத்து வேலை செய்திருக்க வேண்டும். பெரிய நகரத்தின் சுகாதார ஆணையர் சட்டமன்றக் குழுவில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், நூறு மைல் தள்ளி இருக்கும் தொகுதி உறுப்பினருக்கு அது அடுத்த ஊர்க்காரர் பேச்சுதான்.

மசோதாவைக் கண்காணிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். தலைப்பில் புகையிலை இல்லாவிட்டாலும், வரி, வணிகம், பட்ஜெட் மசோதாக்களில் கடைசி வாரத்தில் சேரும் திருத்தங்களை வரிவரியாகப் படிக்க ஒரு ஆளை ஒதுக்க வேண்டும், குறிப்பாகத் தேர்தல் முடிந்த டிசம்பரில்.

கடைசியாக, பக்கத்து ஊர்கள். பெக்ஸ்லி உள்ளிட்ட சில ஊர்கள் கொலம்பஸுக்குப் பின்னால் தங்கள் தடைகளைக் கொண்டுவந்தன, வழக்கிலும் சேர்ந்தன. அந்தப் பேச்சுவார்த்தை 2022 டிசம்பருக்கு முன்பே முடிந்து, ஏழெட்டு நகர மன்றங்கள் ஒரே மாதத்தில் ஒரே வாசகத்தில் சட்டம் போட்டிருந்தால், தெருவின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்ற பேச்சு சட்டமன்றத்தில் எடுபட்டிருக்காது. எந்தக் கடை எந்த எல்லைக்குள் வருகிறது என்று காட்டும் உரிமப் பட்டியல் கொலம்பஸ் சுகாதாரத் துறையிடம் 2017 முதலே இருந்தது. எல்லைத் தெருக் கடைகளை அதிலிருந்து எடுத்து, பக்கத்து மேயர்களோடு உட்கார்ந்து பேச அது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.